பம்பு நீரை இழுப்பதில்லை

கிணற்று மேட்டில் பொருத்தப்பட்ட மோட்டார் பம்பு அடியில் கிடக்கும் நீரைத் தன் வலிமையால் மேலே இழுக்கிறது என்பதும், நீர்மட்டம் இறங்கிவிட்டால் குதிரைத்திறன் கூடிய மோட்டாரை வாங்கி வைத்து அந்த ஆழத்திலிருந்தும் இழுத்துக்கொள்ளலாம் என்பதும் பரவலாக நிலவும் கருத்துகள். உழவர்களும் பம்பு பொருத்துவோரும் மட்டுமல்லர், பள்ளியில் இயற்பியல் பயின்று தேறியவர்களும் இவற்றை ஐயமின்றி ஏற்கின்றனர். ஸ்ட்ரா வழியே இளநீர் ஏறுவது, ஊசிக்குழலுக்குள் மருந்து நிறைவது, அடிபம்பில் தண்ணீர் வருவது ஆகிய யாவும் இதே கருத்தைக் கொண்டே விளக்கப்படுகின்றன. கண்ணால் காண்பதோடு ஒத்துப்போவதுபோல் தோன்றினாலும், பாய்மங்களைப் பற்றி 17ஆம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட உண்மைகளோடு இக்கருத்து பொருந்துவதில்லை; அதை நம்பிச் செய்யப்படும் செலவுகள் பயன் தருவதுமில்லை. இக்கருத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், நீர் ஏறுவதற்கான காரணம் பம்புக்குள் அன்று, பம்புக்கு வெளியே இருக்கிறது என்பது தெளிவாகும்.

பாய்மம் என்பது நீர்மங்களையும் வளிமங்களையும் ஒருங்கே குறிக்கும் சொல். தமக்கென ஒரு வடிவம் இன்றி, சிறு விசைக்கும் இடம்பெயர்ந்து ஓடும் பொருள்கள் இவை. ஒரு பாய்மம் தான் தொட்டிருக்கும் பரப்பின்மீது செங்குத்தாகச் செலுத்தும் விசையை அப்பரப்பின் அளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நியூட்டன் விசை பரவியிருந்தால் அந்த அழுத்தம் ஒரு பாஸ்கல் எனப்படும். மேலே உள்ள பாய்மத்தின் எடையைக் கீழே உள்ளது தாங்க வேண்டியிருப்பதால், ஓய்வில் இருக்கும் பாய்மத்தில் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுகிறது. நீரில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 9,800 பாஸ்கல் கூடும். நிலப்பரப்பின்மீது கவிந்திருக்கும் காற்றுக்கும் இதே விதி பொருந்துவதால், கடல்மட்டத்தில் வளிமண்டலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல் அளவுக்கு இருக்கிறது. இவ்விரு எண்களில் பெரியதைச் சிறியதால் வகுத்தால் 10.3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 34 அடி என்ற விடை கிடைக்கும். வளிமண்டலம் முழுவதும் சேர்ந்து செலுத்தும் அழுத்தம், 34 அடி உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம் என்பது இதன் பொருள்.

முதல் வாதம்: வெற்றிடம் இழுக்கிறது

பம்புக்குள் இருக்கும் காற்று வெளியேற்றப்படும்போது அங்கே வெற்றிடம் உண்டாகிறது, அந்த வெற்றிடமே நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது என்பது முதல் வாதம். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்றும், அதனால் வெற்றிடம் தோன்றும் இடத்தை நோக்கி அருகிலுள்ள பொருள் விரைகிறது என்றும் ஐரோப்பாவில் அரிஸ்டாட்டிலின் வழிவந்த அறிஞர்கள் நெடுங்காலம் கற்பித்தனர். 'வேக்கம் இழுக்குது' என்னும் இன்றைய பேச்சிலும் அதே எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஆனால் வளிமத்தின் அழுத்தம் என்பது எண்ணற்ற மூலக்கூறுகள் ஓயாமல் வந்து மோதுவதால் விளையும் தள்ளுதல். மூலக்கூறுகள் குறைந்தால் மோதல் குறையும், மோதல் குறைந்தால் தள்ளுதல் குறையும். மூலக்கூறுகளே இல்லையென்றால் தள்ளுதலும் இல்லை. தள்ளுதல் சுழியாகலாமே தவிர, அதற்கும் கீழே போய் இழுத்தலாக மாறுவதற்கு வளிமத்தில் வழியே இல்லை.

இதை ஓர் இளநீரைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். கண்ணில் இட்ட துளை வழியே ஸ்ட்ராவைச் செருகி, துளைக்கும் ஸ்ட்ராவுக்கும் இடையிலுள்ள சந்தைக் காற்றுப் புகாதபடி மெழுகாலோ பிசைந்த மாவாலோ அடைத்துவிட்டால், ஒரு வாய் இரண்டு வாய் வந்த பிறகு எவ்வளவு உறிஞ்சினாலும் நீர் வராது. அடைப்பில் குண்டூசியால் ஒரு சிறு துளையிட்டால் மீண்டும் தடையின்றி வரும். உறிஞ்சுபவரின் வாயில் உண்டாகும் வெற்றிடம் இரு நிலைகளிலும் ஒன்றுதான். வேறுபாடு, ஓட்டுக்குள் இருக்கும் நீரின்மேல் வெளிக்காற்று அழுத்துகிறதா இல்லையா என்பதில் மட்டுமே இருக்கிறது. வாய்க்குள் அழுத்தம் குறையும்போது, ஓட்டுக்குள் உள்ள காற்றின் அழுத்தம் அதைவிட மிகுந்திருப்பதால் நீர் தள்ளப்பட்டு மேலே ஏறுகிறது. அந்தத் தள்ளுதல் துண்டிக்கப்பட்டதும் வெற்றிடம் பயனற்றுப் போகிறது. மருத்துவமனைகளில் கண்ணாடிப் புட்டியிலிருந்து சலைன் ஏற்றும்போது காற்று புகுவதற்கென்றே தனி ஊசி ஒன்றை மூடியில் குத்துவதும், சிறு மருந்துக் குப்பியிலிருந்து மருந்தை எடுக்கும் முன் செவிலியர் அதே அளவு காற்றை உள்ளே செலுத்துவதும் இதே காரணத்தால்தான்.

இவ்வாதத்தை நேரடியாக மறுத்த சோதனை 1644இல் இத்தாலியின் இவாஞ்சலிஸ்டா டாரிசெல்லியின் கடிதமொன்றில் விவரிக்கப்பட்டது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, அதைப் பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், பாதரசம் ஓரளவு இறங்கி ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள இடம் வெறுமையாக இருக்கும். இந்த வெறுமைதான் பாதரசத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறது என்றால், வெறுமை பெரிதாக இருக்கும் குழாயில் பாதரசம் உயரமாக நிற்க வேண்டும் அல்லவா? டாரிசெல்லி சாதாரணக் குழாய் ஒன்றையும், மூடிய முனையில் பெரிய கண்ணாடிக் குமிழ் கொண்ட குழாய் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தார். வெறுமையின் அளவு பலமடங்கு வேறுபட்டபோதும் இரண்டிலும் பாதரசம் ஒரே மட்டத்தில் நின்றது. ஆகவே பாதரசத்தைத் தாங்கும் விசை குழாய்க்குள் இல்லை, வெளியிலிருந்து கிண்ணத்தின்மேல் செயல்படுகிறது என்று அவர் முடிவு செய்தார்.

இரண்டாம் வாதம்: கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு அவ்வளவு வலிமை ஏது

வெளிக்காற்றுதான் தள்ளுகிறது என்று சொன்னவுடன் எழும் எதிர்ப்பு இது. காற்றுக்கு எடை இல்லை என்ற எண்ணமே இதன் வேர். கடல்மட்டத்துக்கு அருகில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம், நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து அடியாக உள்ள ஓர் அறையில் அடைபட்டிருக்கும் காற்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும். இத்தகைய காற்று பல கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோவின் எடையும், ஒரு சதுர மீட்டர் மேசையின்மீது பத்து டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையும் அழுத்துகின்றன. மேசை நொறுங்காததற்குக் காரணம், பாய்மத்தின் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் செயல்படுவதால் மேசையின் அடிப்புறத்தையும் காற்று அதே அளவுக்கு மேல்நோக்கித் தள்ளுவதுதான். இரு புறமும் சமமாக இருக்கும்வரை இந்தப் பெருவிசை புலப்படுவதில்லை. ஒரு புறத்தில் மட்டும் குறைக்கப்படும்போதே வெளிப்படுகிறது.

ஜெர்மனியின் மக்டபர்க் நகரத்தைச் சேர்ந்த ஓட்டோ ஃபொன் கேரிக் 1650களில் இதைப் பலரும் காணச் செய்தார். ஏறத்தாழ அரை மீட்டர் விட்டமுள்ள இரு செப்பு அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி உள்ளிருந்த காற்றைத் தாம் அமைத்த பம்பால் வெளியேற்றியபோது, பக்கத்துக்கு எட்டுக் குதிரைகள் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிப்பது அரிதாயிற்று. அந்த விட்டத்துக்குக் கணக்கிட்டால் வெளிக்காற்று அவற்றைச் சேர்த்து அழுத்தும் விசை ஏறத்தாழ இரண்டு டன் எடைக்குச் சமம். உள்ளே காற்றை விட்டதும் அவை கையோடு பிரிந்துவிட்டன. அரைக்கோளங்களுக்கு இடையில் ஒட்டுப்பொருள் எதுவும் இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் வெறுமை மட்டுமே.

மூன்றாம் வாதம்: நீர் கயிற்றைப் போல இழுபட்டு வருகிறது

இவ்வாதம் முந்தையவற்றைவிட வலுவானது. ஏனெனில் கலிலியோ கலிலியே இதைக் கொண்டிருந்தார். 1630இல் ஜெனோவாவைச் சேர்ந்த ஜோவன்னி பலியானி, ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள குன்று ஒன்றைத் தாண்டி நீரைக் கொண்டுசெல்லுமாறு அமைத்த வளைகுழாய் இயங்க மறுப்பதைப் பற்றிக் கலிலியோவுக்கு எழுதிக் காரணம் கேட்டார். உறிஞ்சு பம்புகள் 18 முழத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றுவதில்லை என்னும் செய்தியைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டு, நீளமான கயிறு தன் எடையாலேயே அறுந்துவிடுவதுபோல நீர்த்தம்பமும் ஓர் அளவுக்கு மேல் தன் எடையைத் தாங்காமல் அறுந்துவிடுகிறது என்று விளக்கினார்.

இந்த விளக்கமும் ஓர் எல்லை உண்டு என்பதை ஏற்கிறது. ஆகவே எல்லை இருப்பதைக் காட்டி மட்டும் இதை மறுக்க இயலாது. இரண்டு விளக்கங்களும் எங்கே வேறுபட்ட விளைவுகளைத் தரும் என்று தேட வேண்டும். எல்லையை முடிவு செய்வது நீர்மத்தின் உள்வலிமை என்றால், அந்த எல்லை எந்த ஊரிலும் எந்த உயரத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வெளிக்காற்றின் எடை என்றால், மலைமேல் ஏறும்போது தலைக்கு மேலுள்ள காற்று குறைவதால் எல்லையும் குறைய வேண்டும். பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் இந்த வேறுபாட்டை உணர்ந்து, தம் அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியேவைக் கேட்டுக்கொண்டதன்பேரில், அவர் 1648 செப்டம்பர் 19 அன்று கிளெர்மோன் நகரில் பாதரசத் தம்பத்தின் உயரத்தை அளந்தார். பின்னர் அருகிலுள்ள பியூய் த டோம் மலையுச்சிக்கு, அதாவது நகரத்தைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்கு, கருவியைக் கொண்டுபோய் மீண்டும் அளந்தார். கீழே ஏறத்தாழ 71 சென்டிமீட்டராக இருந்த தம்பம் உச்சியில் 63 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. நகரத்திலேயே விட்டுச்செல்லப்பட்டு ஒருவரின் கண்காணிப்பில் இருந்த இன்னொரு குழாயில் அன்று முழுவதும் மாற்றமில்லை. ஆகவே வானிலை மாறியதால் வந்த வேறுபாடு இது என்று சொல்லவும் இடமில்லாமல் போயிற்று.

இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் 1660இல் வெளியிட்ட சோதனைகளுள் ஒன்று இதை முடித்துவைத்தது. பாதரசக் குழாயையும் அதன் கிண்ணத்தையும் ஒரு கண்ணாடிக் கலனுக்குள் வைத்து, கலனில் இருந்த காற்றைப் படிப்படியாக வெளியேற்றியபோது, குழாயில் நின்ற பாதரசம் படிப்படியாக இறங்கிக் கிண்ணத்தின் மட்டத்தை நெருங்கியது. குழாய்க்குள் இருந்த வெற்றிடத்தை எவரும் தொடவில்லை. வெளியிலிருந்த காற்று மட்டுமே அகற்றப்பட்டது. தள்ளுவது போனதும் தம்பமும் விழுந்தது.

நான்காம் வாதம்: குதிரைத்திறன் கூடினால் ஆழம் கூடும்

பணத்தைக் கரைக்கும் வாதம் இதுவே. குதிரைத்திறன் என்பது ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவு. ஒரு குதிரைத்திறன் 746 வாட். மோட்டாரின் திறன் கூடினால் ஒரு மணி நேரத்தில் வெளிவரும் நீரின் அளவைக் கூட்டலாம், பம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் உயரத்தைக் கூட்டலாம். ஆனால் கிணற்று நீர்மட்டத்திலிருந்து பம்பு வரையிலான பகுதியில், அதாவது சக்ஷன் பைப் எனப்படும் உறிஞ்சுகுழாயில், நீரை ஏற்றும் வேலையை வளிமண்டலமே செய்கிறது. பம்பு செய்யக்கூடியதெல்லாம் தன் வாயிலில் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பது மட்டுமே. அதைச் சுழிக்குக் கீழே குறைக்க எந்த மோட்டாராலும் இயலாததால், குறையற்ற பம்புக்கும் எல்லை 34 அடிதான்.

நடைமுறையில் இந்த 34 அடியும் கிடைப்பதில்லை. உறிஞ்சுகுழாயின் சுவர்களிலும் வளைவுகளிலும் ஃபுட்வால்விலும் ஏற்படும் உராய்வு ஒரு பகுதியை விழுங்குகிறது. அழுத்தம் மிகவும் குறைந்தால் நீர் சூடாக்காமலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கும் என்பது இன்னொரு தடை. ஒரு வெப்பநிலையில் நீர் ஆவியாக மாறத் தொடங்கும் அழுத்தம் அதன் ஆவியழுத்தம் எனப்படும். 30 பாகை செல்சியஸில் அது ஏறத்தாழ 4,200 பாஸ்கலாக இருப்பதால் எல்லையில் ஏறத்தாழ ஒன்றரை அடி குறைகிறது. வெப்பம் கூடக் கூட இந்தக் குறைவும் கூடி, கொதிநிலையில் எல்லை முழுவதுமே மறைந்துபோகும். கொதிக்கும் நீரை எந்தப் பம்பும் கீழிருந்து உறிஞ்ச முடியாததற்குக் காரணம் இது. இவ்வனைத்தையும் கழித்தால், சமவெளியில் 22 முதல் 25 அடி வரையே நம்பத்தக்க அளவு. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அளவுக்கே இருப்பதால், அங்கே கணக்கின்படி வரும் எல்லையே 26 அடிதான். சமவெளியில் நன்றாக ஓடிய பம்பை அங்கே கொண்டுபோய் அதே ஆழத்துக்கு வைத்தால் நீர் வராமல் போகலாம்.

பெரிய மோட்டார் இந்நிலையைச் சீர்படுத்துவதற்கு மாறாகக் கெடுக்கவும் கூடும். குழாயில் நீரோட்டம் இருமடங்கானால் உராய்வால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், அதே குழாயில் திறன் கூடிய பம்பு பம்பின் வாயிலில் அழுத்தத்தை மேலும் தாழ்த்திவிடுகிறது. அப்போது நீரில் ஆவிக் குமிழிகள் தோன்றி, இம்பெல்லர் எனப்படும் சுழலும் சக்கரத்தில் அழுத்தம் மிகுந்த பகுதிக்கு வந்ததும் சட்டென்று நசுங்குகின்றன. ஒவ்வொரு நசுங்கலும் உலோகத்தின்மீது ஒரு நுண்ணிய அடியாக விழுவதால், பம்புக்குள் ஜல்லி உருள்வது போன்ற கரகர ஓசை எழுகிறது; சில மாதங்களில் இம்பெல்லரின் பரப்பு குழிகுழியாக அரிக்கப்பட்டுவிடுகிறது. இந்த ஓசையைக் கேட்டு, மோட்டாருக்குத் திறன் போதவில்லை என்று இன்னும் பெரியதை வாங்குவது நோயை மருந்தாகக் கொள்வதாகும்.

மோட்டாரைப் போட்டும் தண்ணீர் ஏறாதபோது 'ஏர் பிடித்துவிட்டது' என்று சொல்லி, பம்புக்குள் நீர் ஊற்றி நிரப்பிய பிறகு ஓட்டுவது வழக்கம். பம்பு இழுப்பதாகக் கொண்டால் இவ்வழக்கத்துக்கு விளக்கமே இல்லை. இம்பெல்லர் தனக்குள் இருக்கும் பாய்மத்தைச் சுழற்றி வெளிப்புறம் வீசுவதால் அதன் நடுவில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, சுழலும் பாய்மத்தின் அடர்த்தியைப் பொறுத்தது. நீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வல்ல பம்பு, உள்ளே காற்று மட்டும் இருந்தால் 30 மீட்டர் காற்றுத்தம்பத்துக்கு ஈடான அழுத்த வேறுபாட்டையே உண்டாக்கும். அது நான்கு சென்டிமீட்டர் நீரைக்கூட ஏற்றாது. நீர் நிரப்பப்பட்ட பின்னரே, வெளிக்காற்று வேலை செய்வதற்குப் போதிய அளவுக்கு அழுத்தம் குறைகிறது. அடிபம்பின் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்பதும் இதனோடு தொடர்புடையதே: காய்ந்து சுருங்கிய தோல்வாஷர் நீரில் ஊறிச் சுவரோடு படிந்து, காற்று கசியாமல் அடைத்துக்கொள்கிறது.

ஐந்தாம் வாதம்: குழாயைச் சிறிதாக்கினால் ஏறும்

குழாய் ஒடுக்கமாக இருந்தால் அதில் உள்ள நீரின் எடை குறைவு, ஆகவே கூடுதல் உயரத்துக்கு ஏறும் என்பதும் சொல்லப்படுகிறது. குழாயின் குறுக்குப்பரப்பு பாதியானால் நீரின் எடை பாதியாவது உண்மை. ஆனால் அதைக் கீழிருந்து தள்ளும் விசையும் அதே பரப்பைப் பொறுத்ததால் பாதியாகிவிடுகிறது. ஆகவே உயரம் குழாயின் அகலத்தைச் சார்ந்ததன்று, நீர்மத்தின் அடர்த்தியைச் சார்ந்தது. பாஸ்கல் 1646-47இல் ரூவான் நகரில் பத்து மீட்டரைவிட நெடிய கண்ணாடிக் குழாய்களில் நீரையும் திராட்சை மதுவையும் நிரப்பிக் காட்டியபோது, நீரைவிட அடர்த்தி சற்றுக் குறைந்த மது சற்று உயரமாக நின்றது. மயிரிழை போன்ற நுண்குழாய்களில் பரப்பு இழுவிசையால் நீர் தானே ஏறுவது வேறு நிகழ்வு, 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயிலும் அது 15 சென்டிமீட்டர் அளவையே எட்டும். பம்புக் குழாயில் அது கணக்கில் கொள்ளத்தக்கதன்று. அங்கே குழாயை ஒடுக்கினால் உராய்வுதான் கூடும்.

ஆறாம் வாதம்: காற்றே தள்ளுகிறதென்றால் மின்சாரம் எதற்கு

நீரை ஏற்றுவது வளிமண்டலம் என்றால் அந்த வேலை இலவசமாக நடக்க வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. கிணற்றில் நீரின்மேல் தள்ளும் அதே வளிமண்டலம், பம்பிலிருந்து நீர் வெளியேறும் முனையிலும் எதிர்த்துத் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்த நிலையில் உள்ளே வந்த நீரை அந்த முழு அழுத்தத்துக்கு எதிராக வெளியே தள்ளுவது பம்பின் பொறுப்பு. ஆகவே காற்று ஒரு முனையில் கொடுத்ததை மறுமுனையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இறுதிக் கணக்கில் நீரின் எடையை உயரத்தால் பெருக்கிய அளவு ஆற்றலை மோட்டாரே தருகிறது. ஆயிரம் லிட்டர் நீரை 7 மீட்டர் ஏற்ற 68,000 ஜூலுக்குச் சற்று மேல் தேவை. இழப்புகளைச் சேர்க்காவிட்டால் இது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆற்றலைத் தருவது யார் என்பதும், நீரை எந்த விசை நகர்த்துகிறது என்பதும் இருவேறு கேள்விகள். முதலாவதற்கான விடையை இரண்டாவதற்கும் கொள்வதால்தான் குழப்பம் நேர்கிறது.

ஏழாம் வாதம்: ஆழ்துளைக் கிணற்றில் ஆயிரம் அடியிலிருந்து வருகிறதே

கொங்கு நாட்டில் ஆயிரம் அடிக்கும் ஆழமாகத் துளையிட்டு நீர் எடுக்கும்போது 34 அடி என்ற எல்லை எங்கே போயிற்று என்று கேட்கப்படுகிறது. அந்த ஆழத்துக்கு இறக்கப்படும் கருவிகள் ஒவ்வொன்றையும் பார்த்தால், அவற்றுள் எதுவும் மேலிருந்து உறிஞ்சவில்லை என்பது விளங்கும். சப்மெர்சிபிள் எனப்படும் நீர்மூழ்கி மோட்டார் நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பல இம்பெல்லர்களின் வழியே நீரின் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி மேல்நோக்கித் தள்ளுகிறது. 300 மீட்டர் உயரத்துக்குத் தள்ள ஏறத்தாழ 30 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அழுத்தத்தைக் கூட்டுவதற்கு மேல்வரம்பு இல்லாததால் குழாயும் மோட்டாரும் தாங்கும்வரை எவ்வளவு உயரத்துக்கும் தள்ளலாம். குதிரைத்திறனுக்கும் ஆழத்துக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் உண்மையாகிறது.

கம்ப்ரசர் பொருத்திய கிணறுகளில் நீருக்கு அடியில் காற்று செலுத்தப்படுகிறது. குமிழிகள் கலந்த நீரின் அடர்த்தி குறைவதால், குழாய்க்கு வெளியே உள்ள கனமான நீர் அதை மேலே தள்ளிவிடுகிறது. ஜெட் பம்பில், மேலே ஏற்றிய நீரின் ஒரு பகுதியே அழுத்தத்தோடு கீழே திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு குறுகிய முனை வழியே பீறிட்டு, கிணற்று நீரையும் சேர்த்து மேலே செலுத்துகிறது. 1970களில் உருவாகிக் கோவைப் பகுதியில் சோதிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தியா மார்க் 2 கைப்பம்பு இன்னும் தெளிவான சான்று. வீட்டு முற்றத்து அடிபம்பில் பிஸ்டன் தரைக்கு மேலே கைப்பிடிக்கு அருகிலேயே இருப்பதால் நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போனதும் அது வற்றிவிடுகிறது. மார்க் 2இல் பிஸ்டனும் அதன் உருளையும் நீண்ட கம்பியின் முனையில் நீர்மட்டத்துக்கும் கீழே இறக்கப்பட்டு, தன்மேல் நிற்கும் நீரை அப்படியே தூக்குவதால் நூறு அடிக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து நீர் தருகிறது. அடிப்பவரின் கைவலிமை இரண்டிலும் ஒன்றே. மாறியது பிஸ்டன் இருக்கும் இடம்.

எட்டாம் வாதம்: நூறு மீட்டர் மரத்தின் உச்சிக்கு நீர் எப்படிப் போகிறது

எல்லா வாதங்களிலும் கூர்மையானது இது. இதற்கு விடை சொல்ல, முன்சொன்ன ஒன்றைத் திருத்தவும் வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களுள் சில 110 மீட்டரைத் தாண்டி வளர்ந்துள்ளன. வளிமண்டலம் 10 மீட்டருக்கு மேல் தள்ளாது என்றால் அவற்றின் இலைகள் வாடிவிட வேண்டும். 1890களில் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜாலியும் முன்வைத்து, இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ள விளக்கத்தின்படி, இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது எஞ்சிய நீர் உண்மையிலேயே மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. வளிமத்தைப் போலன்றி நீர்மத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துக் கொண்டிருப்பதால், அறுபடாத நீர் இழுவிசையைத் தாங்க வல்லது. வெட்டிய கிளையைக் கலனில் அடைத்து, சாறு வெட்டுமுனையில் வெளிவரும்வரை வாயு அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் முறையால் பெர் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் 1965இல் மரங்களில் இந்த இழுவிசையை அளந்து காட்டினர். அது பல வளிமண்டல அழுத்தங்களுக்கு ஈடானது.

எனவே கயிற்றைப் போல நீரை இழுக்கலாம் என்று கலிலியோ கருதியது முற்றிலும் தவறன்று. அவர் அதைப் பம்புக்குப் பொருத்தியதே தவறு. மரத்தில் நீரைக் கடத்தும் சைலம் குழாய்கள் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதியே அகலம் கொண்டவை. அவற்றின் சுவர்கள் நீரால் முழுமையாக நனைந்தவை. குமிழி தோன்றினாலும் அடுத்த குழாய்க்குப் பரவாதபடி நுண்துளைச் சவ்வுகள் தடுக்கின்றன. பம்பின் குழாயோ அகன்றது. அதன் நீரில் கரைந்த காற்றும் தூசியும் நிறைந்திருக்கின்றன, சுவரில் குமிழி பற்றிக்கொள்ள ஆயிரம் பொட்டுகள் இருக்கின்றன. அழுத்தம் ஆவியழுத்தத்தை எட்டியதும் எங்கேனும் ஒரு குமிழி தோன்றித் தம்பம் அறுந்துவிடும். மரத்தில் நடப்பது பம்பில் நடக்காததற்குக் காரணம் இதுதான். மரத்தைக் காட்டிப் பம்பின் இழுவிசையை நிறுவ இயலாது.

இவ்வாறு எட்டு வாதங்களையும் ஆராய்ந்தால், இழுத்தல் என்னும் கருத்து நடந்ததற்கு ஒரு பெயர் சூட்டுகிறதே அன்றி, எவ்வளவு ஆழம், எந்த ஊரில், எவ்வளவு வெப்பத்தில் என்ற எந்தக் கேள்விக்கும் எண்ணால் விடை தருவதில்லை என்பது தெரிகிறது. தள்ளுதல் என்னும் விளக்கமோ கடல்மட்டத்துக்கு 34 அடி, உதகமண்டலத்துக்கு 26 அடி, பாதரசத்துக்கு 76 சென்டிமீட்டர் என்று முன்கூட்டியே சொல்கிறது, சொன்னபடியே நடக்கவும் செய்கிறது. தமிழ்நாட்டு உழவர்கள் நீர்மட்டம் இறங்கியபோது கிணற்றுச் சுவரில் திட்டு அமைத்து, ஆயில் எஞ்சினையும் மோட்டாரையும் படிப்படியாக உள்ளே இறக்கிவைத்தனர். இழுக்கிறது என்று சொன்னவர்களே செயலில் தள்ளுதலின் விதிக்குக் கட்டுப்பட்டு நடந்தனர். பம்பு வாங்குவோர் செய்ய வேண்டியதும் அதையொட்டியதே: கோடையின் கடைசியில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் அளந்து, அது பம்பிலிருந்து 22 அடிக்குள் இருந்தால் மேலே வைக்கும் பம்பைத் தேர்ந்துகொண்டு உறிஞ்சுகுழாயை அகலமாகவும் வளைவுகள் குறைவாகவும் அமைக்கலாம், அதைவிட ஆழமாக இருந்தால் பம்பைக் கீழே இறக்குவதோ, நீருக்குள் மூழ்கிக்கிடந்து தள்ளும் வகையைத் தேர்வதோதான் வழி. குதிரைத்திறனைப் பற்றிய பேச்சு அந்த அளவு முடிவான பிறகே தொடங்க வேண்டும்.